ரெண்டு பாயிண்ட், நாற்பது லட்சம்

"கிரிக்கெட்டை விட்டா வேற ஆட்டமே தெரியாதா உனக்கு?"ன்னு நாலஞ்சு பேர் மெசேஜ் பண்ணியிருந்தீங்க. நியாயமான கேள்வி. அதனால இன்னிக்கு டென்னிஸ். ஆனா ஃபெடரர், நடால், ஜோகோவிச் எல்லாம் கிடையாது. விம்பிள்டனுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி, லண்டன்ல இருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல வடக்கே, ஒரு சின்ன ஊர் கிளப்போட புல்தரையில நடக்கிற போட்டி. ஊர் பேரு இல்க்லி. இங்கிலாந்துல மேற்கு யார்க்‌ஷயர். பக்கத்துல வார்ஃப்னு ஒரு ஆறு, ஊருக்கு மேல ஒரு பெரிய மேட்டு நிலம். அவ்வளவுதான் ஊரு.

எனக்கு இந்த ஊர் பேரு எப்படித் தெரியும்னு முதல்ல சொல்லிடறேன்.

2019 ஜூன். அந்த மாசம் சென்னையில இருந்தவங்களுக்கு மறக்காது. ஏரி எல்லாம் வத்திப்போச்சு. ஓஎம்ஆர்ல கம்பெனிகள் "வீட்டுலேர்ந்தே வேலை பாருங்க"ன்னு சொன்னது கொரோனாவுக்கு முன்னாடியே நடந்துடுச்சு, காரணம் தண்ணி. நான் காலேஜ் முடிச்சு வேலைக்குச் சேர்ந்த முதல் மாசம். புராஜெக்ட் இல்லாம பெஞ்ச். பெருங்குடியில ஒரு ரூம், மூணு பேர். ராத்திரி தண்ணி லாரி வந்தா யார் குடத்தோட இறங்கணும்னு முறை வெச்சிருந்தோம்.

அந்த மூணு பேர்ல ஒருத்தன் டென்னிஸ் ஆடினவன். பேரைச் சொல்லக் கூடாதுன்னு கண்டிப்பா சொல்லியிருக்கான், அதனால ரூம்மேட்னே வெச்சுக்கலாம். சும்மா ஆடினவன் இல்ல. பதினாலு, பதினாறு வயசுப் பிரிவுல ஊர் ஊரா போய் ஆடினவன். அவங்க அப்பா பிஎஃப்ல இருந்து பணம் எடுத்து அனுப்பினாரு. பிளஸ் டூ முடிச்சப்போ அமெரிக்காவுல ஒரு காலேஜ் பாதி ஸ்காலர்ஷிப் தரேன்னுச்சு. மீதிப் பாதிய ரூபாயில கணக்குப் போட்டுப் பார்த்துட்டு அவங்க அப்பா ரெண்டு நாள் பேசவே இல்லையாம். இவன் தானா போய் "இன்ஜினியரிங் சேர்ந்துக்கறேன்ப்பா"ன்னு சொல்லிட்டான். நாலு வருஷம் கழிச்சு என்கூட பெஞ்ச்.

ஜூன் 23, ஞாயித்துக்கிழமை சாயங்காலம். இவன் போன்ல ஒரு லைவ் ஸ்கோர் பேஜை ரெஃப்ரெஷ் பண்ணிக்கிட்டே இருக்கான். வீடியோ கூட இல்ல, வெறும் நம்பர். "யார்டா ஆடறாங்க?"ன்னு கேட்டேன். "டொமினிக் கோப்ஃபர், டென்னிஸ் நோவாக்." யாருன்னே தெரியல. நோவாக்னதும் நான் ஜோகோவிச்சுன்னு நினைச்சு ஆர்வமா எட்டிப் பார்த்தேன், அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கே. மூணாவது செட், டை பிரேக். கோப்ஃபர் 7-5ன்னு முடிச்சாரு. ரூம்மேட் போனைக் கவுத்து வெச்சுட்டுச் சொன்னான்: "ரெண்டு பாயிண்ட்டு மச்சான். ரெண்டு பாயிண்ட்டுல நாற்பது லட்சம்."

அப்போ எனக்கு வருஷச் சம்பளம் மூணரை லட்சம் கூட இல்ல. அதனால உடனே உக்காந்து கேட்டேன். அவன் அன்னிக்கு ராத்திரி சொன்னதையும், அப்புறம் நானா தேடிப் படிச்சதையும் சேர்த்துத்தான் இப்போ சொல்றேன்.

விம்பிள்டன் ஒற்றையர்ல 128 பேர் ஆடறாங்க. ஆண்கள்ல 104 பேர் ரேங்கிங் வெச்சு நேரா உள்ள வர்றாங்க. 16 பேர் தகுதிச்சுற்று ஆடி வர்றாங்க. மிச்சம் 8 இடம் வைல்டு கார்டு. பிக் பாஸ் புண்ணியத்துல இந்த வார்த்தைக்கு விளக்கம் தேவையில்லைன்னு நினைக்கிறேன். ரேங்கிங் பத்தாட்டியும் போட்டி நடத்துறவங்களே கூப்பிட்டு இடம் குடுக்கறது.

இதுல சூட்சுமம் என்னன்னா, நேரடி நுழைவுக்கான லிஸ்ட் போட்டிக்கு சுமார் ஆறு வாரம் முன்னாடி இருக்கிற ரேங்கிங்க வெச்சு எடுக்கறது. அதாவது மே மாசமே லாக். ஜூன்ல நீங்க என்னதான் பிரமாதமா ஆடினாலும் அந்த லிஸ்ட்ல ஏற முடியாது. நம்ம இன்ஜினியரிங் கவுன்சிலிங் கட் ஆஃப் மாதிரிதான். நாம 0.5 மார்க்ல காலேஜ் மாறின ஆளுங்க, நமக்கு இது நல்லாவே புரியும். 104க்கும் 105க்கும் ஆட்டத்துல என்ன வித்தியாசம்? ஒண்ணும் இல்ல. ஆனா 2019ல விம்பிள்டன் முதல் சுற்றுல தோத்தாலே 45,000 பவுண்டு. ஒரு பந்து கூட ஜெயிக்காம, மூணு செட் நின்னுட்டு வந்தாலும் அதே தொகை. அன்னிக்கு ரேட்டுல கிட்டத்தட்ட நாற்பது லட்சம் ரூபாய். அந்த வரிசைக்கு வெளியில இருக்கிறவங்களுக்கு ரோஹாம்ப்டன்.

ரோஹாம்ப்டன்னா லண்டன்ல பேங்க் ஆஃப் இங்கிலாந்தோட விளையாட்டு மைதானம். தகுதிச்சுற்று அங்கதான் நடந்துச்சு. மூணு மேட்ச் வரிசையா ஜெயிக்கணும், ஆண்களுக்கு அந்த மூணாவது மேட்ச் அஞ்சு செட் ஆட்டம். ஒரு இடத்துக்கு எட்டு பேர் போட்டி.

இப்போ இல்க்லி எங்க வருதுன்னு பாருங்க. இல்க்லி லான் டென்னிஸ் அண்ட் ஸ்குவாஷ் கிளப். உறுப்பினர்கள் வார இறுதியில ஆடற ஒரு சாதாரண கிளப்தான். 2016ல அங்க ஆண்களுக்கு ஏடிபி சேலஞ்சர் அளவுல ஒரு போட்டி ஆரம்பிச்சுது, அதே வாரம் அதே புல்லுல பெண்களுக்கும் ஒரு போட்டி, அப்போ அது ஐடிஎஃப் அளவுல. சேலஞ்சர்னா, டிவியில நாம பாக்கற ஏடிபி போட்டிகளுக்கு ஒரு படி கீழ. நம்ம ஊர் கிரிக்கெட்ல ரஞ்சி மாதிரின்னு வெச்சுக்கலாம். சரியான உவமை இல்ல, ரஞ்சி ஆடறவங்க தங்குற ரூமுக்குக் கைக்காசு போட மாட்டாங்க.

இந்த மாதிரிப் போட்டிகளோட பரிசுத்தொகை பக்கத்துல சில சமயம் "பிளஸ் ஹெச்"னு ஒண்ணு போட்டிருக்கும். ஆரம்பத்துல ஏதோ வரி விஷயம்னு நினைச்சேன். ஹெச்னா ஹாஸ்பிடாலிட்டி. வீரருக்கு ரூம் குடுப்போம்னு அர்த்தம். ரூம் குடுக்கறதே ஒரு சிறப்பம்சமா விளம்பரம் பண்ற உலகம் அது. 2019லதான் எல்லா சேலஞ்சர் போட்டியிலயும் மெயின் டிராவுல ஆடறவங்களுக்கு ரூம் கட்டாயம்னு ஏடிபி மாத்துச்சு.

இல்க்லியில முக்கியமான பரிசு செக்குல எழுதியிருக்கிறது இல்ல. அங்க ஜெயிக்கிறவருக்கு, ஏற்கெனவே மெயின் டிராவுல இடம் இல்லன்னா, விம்பிள்டன் வைல்டு கார்டு குடுக்கறது வழக்கமா இருந்துச்சு. கடைசி முடிவு விம்பிள்டன் நடத்துற ஆல் இங்கிலாந்து கிளப்போடது, ஆனா இல்க்லி வந்த எல்லாருக்கும் மனசுல ஓடினது அதுதான். 2019ல ஃபைனல் ஞாயித்துக்கிழமை. மறுநாள் திங்கட்கிழமை ரோஹாம்ப்டன்ல ஆண்கள் தகுதிச்சுற்று ஆரம்பம். அதாவது அந்த ஃபைனல் முடிஞ்ச நிமிஷம் ஒருத்தருக்கு ஒரு வாரம் லீவு, நாற்பது லட்சம் உறுதி. மெயின் டிராவுல இடம் இல்லாத இன்னொருத்தருன்னா பையைத் தூக்கிக்கிட்டு அன்னிக்கே லண்டன் கிளம்பணும், மூணு மேட்ச் ஜெயிச்சா அதே நாற்பது லட்சம். ரூம்மேட் சொன்ன ரெண்டு பாயிண்ட்டு இதுதான்.

கோப்ஃபர் யாருன்னு சொல்லணும். ஜெர்மனியில பிளாக் ஃபாரஸ்ட் பகுதி, ஃபுர்ட்வாங்கன்னு ஒரு ஊர். டென்னிஸ் அகாடமியில வளர்த்து எடுக்கப்பட்ட குழந்தை மேதை எல்லாம் இல்ல. அமெரிக்காவுல நியூ ஆர்லியன்ஸ் நகரத்துல இருக்கிற டுலேன் பல்கலைக்கழகத்துக்குப் போய், காலேஜ் டென்னிஸ் ஆடி, படிச்சு முடிச்சு, அப்புறம்தான் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தாரு. இருபத்தி ரெண்டு வயசுல. டென்னிஸ்ல அது லேட். இப்போ புரியுதா, என் ரூம்மேட் ஏன் அந்த ஸ்கோரைப் பார்த்துக்கிட்டு இருந்தான்னு? அவன் போகாம விட்ட ரூட்டு அது. இதை நான் அன்னிக்குக் கேக்கல, அவனும் சொல்லல. மூணு வருஷம் கழிச்சு ஒரு டீக்கடையில பேசிக்கிட்டு இருக்கும்போது தானா வந்துச்சு.

இல்க்லி ஜெயிச்ச கோப்ஃபர் வைல்டு கார்டுல விம்பிள்டன் போனாரு. முதல் சுற்றுல செர்பியாவோட கிராயினோவிச்சை ஜெயிச்சாரு. அது 72,000 பவுண்டு. ரெண்டாவது சுற்றுல ஷ்வார்ட்ஸ்மன்கிட்ட தோத்தாரு. அதே வருஷம் யுஎஸ் ஓபன்ல தகுதிச்சுற்று மூணு மேட்ச் ஆடி உள்ள வந்து, மெயின் டிராவுல இன்னும் மூணு ஜெயிச்சு, நாலாவது சுற்றுல மெத்வதேவ் கிட்டதான் நின்னாரு. அதுக்கு 2,80,000 டாலர்.

இல்க்லி தோத்திருந்தா யுஎஸ் ஓபன் நடந்திருக்காதான்னு கேட்டா, என்னால சொல்ல முடியாது. நான் அப்படி ஒரு மோட்டிவேஷன் வீடியோ பண்ண வரல. ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. கையில அறுபது லட்சத்துக்கு மேல இருந்தா கோச்சைக் கூடவே வெச்சுக்கலாம், ஃபிசியோவுக்குக் காசு குடுக்கலாம், அடுத்த போட்டிக்கு ஃப்ளைட் டிக்கெட் விலையைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். 2018ல டென்னிஸ்ல ஊழல் பத்தி விசாரிச்ச தனிக்குழு ஒரு அறிக்கை குடுத்துச்சு. தொழில்முறைன்னு பேரளவுக்குச் சொல்லிக்கிறவங்க ஆயிரக்கணக்குல இருக்காங்க, ஆனா செலவு போக கைக்குக் கை சரியாகுற அளவுக்குச் சம்பாதிக்கிறவங்க முதல் 250ல இருந்து 350 பேர்தான்னு அதுல இருக்கு. மேட்ச் ஃபிக்ஸிங் பண்றவன் முதல்ல போய்த் தட்டுற கதவு அந்த 350க்குக் கீழ இருக்கிறவங்க கதவுதான்.

பெண்கள் பக்கம் வருவோம். இதுல ஒரு கதை எனக்கு கோப்ஃபர் கதையை விடப் பிடிக்கும்.

ஸ்லோவாகியாவோட மக்தலேனா ரிபாரிகோவா. மணிக்கட்டு, முட்டின்னு அடிபட்டு, மாசக்கணக்குல ஆடாம உக்காந்தவங்க. 2017 ஆரம்பத்துல ரேங்கிங் நானூறுக்கும் கீழ போயிடுச்சு. இருபத்தெட்டு வயசு. ஜூன்ல இங்கிலாந்து வந்தாங்க. முதல்ல சர்பிட்டன், லண்டன் பக்கத்துல இதே மாதிரி ஒரு கிளப் போட்டி. ஜெயிச்சாங்க. அடுத்து நாட்டிங்காம்ல அரையிறுதி. அதுக்கப்புறம் இல்க்லி. அதையும் ஜெயிச்சாங்க.

இவங்களுக்கு வைல்டு கார்டு தேவையே இல்ல. அடிபட்டு நீண்ட நாள் வெளியில இருக்கிறவங்களுக்குப் பழைய ரேங்கிங்கைப் பாதுகாத்து வைக்கிற ஒரு விதி உண்டு, அதுல உள்ள வந்துட்டாங்க. அப்போ இல்க்லி எதுக்கு? மேட்ச் ஆடறதுக்கு. புல்தரை சீசன்னு ஒண்ணு வருஷத்துல ஜூன், ஜூலையில சில வாரம்தான். பந்து தாழ்ந்து வரும், கால் வழுக்கும், பழகறதுக்குள்ள சீசன் முடிஞ்சுடும். பெரிய ஆளுங்க விம்பிள்டனுக்கு முன்னாடி ஒரு போட்டி ஆடி ரெண்டாவது சுற்றுல தோத்துட்டு வருவாங்க. இவங்க மூணு வாரமா சின்னக் கிளப்புகள்ல ஜெயிச்சுக்கிட்டே வந்தாங்க.

விம்பிள்டன் ரெண்டாவது சுற்றுல மூணாம் நிலை வீராங்கனை கரோலினா பிளிஷ்கோவாவை ஜெயிச்சாங்க. காலிறுதியில அமெரிக்காவோட கோகோ வாண்டவே. அரையிறுதியில முகுருசா, 6-1, 6-1ன்னு தோல்வி. அந்தத் தோல்விக்குக் கிடைச்சது 5,50,000 பவுண்டு. இல்க்லியில அந்த வருஷம் பெண்கள் போட்டிக்கு மொத்தமா, எல்லாருக்கும் சேர்த்து, 1,00,000 டாலர்.

இங்க நிறுத்தி ஒண்ணு சொல்லியாகணும். அதே 2017ல, அதே கிளப்புல, அதே வாரம், ஆண்கள் போட்டிக்கு 1,27,000 யூரோ. விம்பிள்டன்ல 2007ல இருந்து ரெண்டு பேருக்கும் சமப் பரிசு, அதை எல்லாரும் கைதட்டிக் கொண்டாடினோம். அந்த விம்பிள்டனுக்கு வழிவிடற கிளப்புல அப்போ சமம் இல்ல. காரணம் கேட்டா, ஆண்கள் போட்டி ஏடிபிக்குக் கீழ வந்துச்சு, பெண்கள் போட்டி அப்போ ஐடிஎஃப்க்குக் கீழ வந்துச்சு, ரெண்டும் வேற வேற அமைப்பு, வேற வேற தரம்னு சொல்வாங்க. எனக்கு இதைக் கேட்டா ஆபீஸ்ல "அது வேற டீமோட டிக்கெட்"னு குளோஸ் பண்ற ஞாபகம்தான் வருது. பணம் குறைவா இருக்கிற இடத்துலதான் அந்த வித்தியாசம் பெரிய தொகை. சமம் முதல்ல அங்கதான் தேவை.

சரி, நம்ம ஊர் ஆளுங்க இல்க்லி போனதில்லையான்னு கேப்பீங்க. போயிருக்காங்க, ஜெயிச்சும் இருக்காங்க. 2017ல இரட்டையர் பட்டம் லியாண்டர் பயஸ், கனடாவோட ஆதில் ஷம்ஸ்தின். பயஸுக்கு அப்போ வயசு 44. விம்பிள்டன் கோப்பையைத் தூக்கின மனுஷன் கிளப் புல்லுல நின்னு ஆடியிருக்காரு.

அடுத்த வருஷம், 2018, இன்னும் சுவாரசியம். ஜெயிச்சது அமெரிக்காவோட ஆஸ்டின் கிராயிசெக், நம்ம சென்னையோட ஜீவன் நெடுஞ்செழியன். ஃபைனல்ல தோத்தது ஜெர்மனியோட கிராவிட்ஸ், மீஸ் ஜோடி. இந்த நாலு பேரையும் ஞாபகம் வெச்சுக்கோங்க. கிராவிட்ஸும் மீஸும் அடுத்த ஜூன்லயே, அதாவது எங்க ரூம்ல தண்ணி இல்லாத அதே மாசம், பிரெஞ்ச் ஓபன் ஜெயிச்சாங்க. 2020லயும் ஜெயிச்சாங்க. கிராயிசெக் 2023ல பிரெஞ்ச் ஓபன் ஜெயிச்சு, இரட்டையர்ல உலக நம்பர் ஒன் ஆனாரு. இல்க்லி கோர்ட்டுல அன்னிக்கு நின்ன நாலு பேர்ல மூணு பேர் கிராண்ட் ஸ்லாம் சாம்பியன். நாலாவது ஆளு ஜீவன். அந்த ஃபைனல்ல ஜெயிச்ச பக்கம் நின்னவரு.

ஏன் அவருக்கு மட்டும் அது அமையலன்னு ரூம்மேட் கிட்ட கேட்டேன். "நீ எங்க பொறந்தேங்கறது முதல் காரணம். மிச்சத்தை அப்புறம் யோசிக்கலாம்"னான். ஐரோப்பாவுல இருக்கிறவனுக்கு அடுத்த போட்டி ரயில்ல நாலு மணி நேரம். நம்ம ஆளுக்கு அது விசாவும் ஃப்ளைட்டும். முதல் சுற்றுல தோத்தா அவன் வீட்டுக்குப் போயிடுவான், இவரு அடுத்த போட்டி வரைக்கும் அங்கேயே எங்கயாவது தங்கணும். நான் முழுசா ஒத்துக்கல, ஆட்டமும் ஒரு காரணமா இருக்கும்ல. ஆனா மறுத்துப் பேசற அளவுக்கு எனக்கு டென்னிஸ் தெரியாது. ஜீவன் விடல. 2024 செப்டம்பர்ல சீனாவோட ஹாங்ஜோவுல விஜய் சுந்தர் பிரசாந்த் கூட சேர்ந்து ஏடிபி 250 பட்டம் ஜெயிச்சாரு. ரெண்டு பேரும் தமிழ்நாடு. ஜீவனுக்கு அப்போ 35 வயசு. நம்மள்ல எத்தனை பேர் அந்தச் செய்தியைப் பார்த்தோம்?

இல்க்லி ஜெயிச்சா எல்லாம் சுகமா முடியும்னும் இல்ல. 2024ல அங்க பட்டம் ஜெயிச்சது பெல்ஜியத்தோட டேவிட் கோஃபான். ஒரு காலத்துல உலக நம்பர் 7. முப்பத்து மூணு வயசுல கிளப் போட்டிக்கு இறங்கி வந்து, ஜெயிச்சு, விம்பிள்டன் போனாரு. முதல் சுற்று, தோமாஷ் மஹாச் கூட. அஞ்சாவது செட்டுல 5-0ன்னு முன்னிலை. அங்கேர்ந்து 5-7ன்னு தோத்தாரு. அந்த அஞ்சாவது செட்டை நான் ஆன்-கால் டியூட்டியில இருந்துக்கிட்டே ஸ்கோர் பார்த்தேன். சர்வர் டவுன் ஆனா கூட அவ்வளவு வயித்தைக் கலக்காது.

கடைசியா ஒண்ணு. 2024 பிப்ரவரி 11, ஞாயித்துக்கிழமை, நுங்கம்பாக்கம் டென்னிஸ் ஸ்டேடியம். சென்னை சேலஞ்சர் ஃபைனல். நானும் ரூம்மேட்டும் போயிருந்தோம், இப்போ ரூம்மேட் இல்ல, அவனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. சுமித் நாகல் ஆடறாரு, எதிர்ல இத்தாலியோட லூக்கா நார்டி. அதுக்கு அஞ்சு மாசம் முன்னாடி, 2023 செப்டம்பர்ல, இந்தியாவோட நம்பர் ஒன் ஒற்றையர் வீரரான நாகல் ஒரு பேட்டியில தன் பேங்க் அக்கவுண்ட்ல 900 யூரோதான் இருக்குன்னு சொல்லியிருந்தாரு. எண்பதாயிரம் ரூபாய். ஜனவரியில ஆஸ்திரேலியன் ஓபன் தகுதிச்சுற்றுல ஜெயிச்சு உள்ள போய், முதல் சுற்றுல கஜகஸ்தானோட புப்லிக்கை ஜெயிச்சதுலதான் மூச்சு விட்டாரு.

நாகல் முதல் செட் 6-1 எடுத்துட்டாரு. எனக்கு ஆட்டம் பிடிச்சுப்போய் ஒவ்வொரு ஷாட்டுக்கும் கத்திக்கிட்டு இருக்கேன். இவன் கத்தல. போன்ல ஏதோ பாயிண்ட் பட்டியலைத் திறந்து வெச்சு, ஜெயிச்சா எத்தனை பாயிண்ட் ஏறும், யார் யாரைத் தாண்டுவாருன்னு கூட்டிக்கிட்டு இருக்கான். முதல் நூறுக்குள்ள வந்தா கிராண்ட் ஸ்லாம் மெயின் டிராவுக்கு நேரா வழி. ரெண்டாவது செட் 6-4. முடிஞ்சதும் எல்லாரும் எழுந்து நின்னாங்க, இவன் உக்காந்தே இருந்தான். போனை என் பக்கம் திருப்பினான். "தாண்டிட்டான் மச்சான்."

மறுநாள் ஆபீஸ்ல இருக்கும்போது ஏடிபி லிஸ்ட் வந்துச்சு. 98. இவன்கிட்டேர்ந்து வாட்ஸ்அப்ல வந்ததும் அந்த நம்பர் மட்டும்தான்.

சேலஞ்சர் ஆட்டங்களை ஏடிபி சேலஞ்சர் டிவியில இலவசமாவே பாக்கலாம். ஒரே கேமரா, சில சமயம் கமெண்ட்ரி கூட இருக்காது, பந்து சத்தமும் யாரோ இருமுற சத்தமும்தான் கேக்கும். ஜூன்ல இங்கிலாந்து ஆட்டங்கள் நம்ம நேரத்துக்கு மதியத்துல ஆரம்பிச்சு ராத்திரி வரைக்கும் போகும், மேனேஜர் பாக்காத ரெண்டாவது மானிட்டர்ல ஓட விடுங்க. அடுத்த வாரம் பார்ப்போம் மக்களே.